வெண்ணிலா, வெண்ணிலா, ஓவர்

வாங்க தம்பி. ஆபீசுலேருந்துதானே வர்றீங்க? செருப்ப வாசல்லயே விடுங்க, இந்தத் தெருவுல நாய் தூக்காது. உக்காருங்க. அந்த நாற்காலி ஒரு கால் ஆடும், சுவத்தோட ஒட்டிப் போட்டுக்குங்க. செட்டு எங்கன்னுதானே பாக்குறீங்க? அதோ, சாமி படத்துக்குக் கீழ பலகையில, கறுப்பா, இரைஞ்சுக்கிட்டு இருக்குல்ல, அதுதான். நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. ஒளிச்சு வைக்கிற சாமானா அது? மாடியில முப்பது அடிக்குக் கம்பம் நிக்குது. கம்பத்தப் பாத்துட்டுத்தானே வீட்டக் கண்டுபிடிச்சீங்க?

காயிதத்த அப்புறம் காட்டுங்க. என்ன எழுதியிருக்கும்னு எனக்குத் தெரியும். பழைய ஒயர்லெஸ் செட்டெல்லாம் திருப்பிக் குடுத்துரணும், லைசென்சு முடிஞ்சு போச்சு, இப்ப யாரும் கரையிலேருந்து இதுல பேசுறதில்ல. கீழ சம்மதம்னு என் மவ வெண்ணிலா கையெழுத்து இருக்கும். இருக்குதா? இருக்கும். காரைக்கால்ல கட்டிக் குடுத்திருக்கேன். செட்ட எடுத்துட்டாங்கன்னா அம்மா மூட்டையக் கட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துரும்னு நெனைக்கிறா. பாவம், அவ ஆசை அவளுக்கு. ஆனா இத அமத்த முடியாது தம்பி. பதினோரு வருசமா ஒரு நாளு அமத்துனதில்ல. கரெண்டு போனா பேட்டரியில ஓடும். இதுல ஒரு பேச்சு பாதியில நிக்குது. பாதியில நிக்கிற பேச்ச அமத்தலாமா? முழுசையும் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எடுக்கலாமா வேணாமான்னு. உங்க வாயால வரட்டும்.

இருங்க, இருங்க. நான் முடிச்சுக்கிறேன். நீங்க நடுவுல ஆரம்பிச்சா எனக்குத் தொடர்ச்சி விட்டுப்போகும்.

இதுல எப்படிப் பேசுறதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஆபீசுல இருக்கீங்கன்னா தெரியணும்னு இல்லையே. இது போன் மாதிரி கெடையாது. போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தலாம். இதுல ஒருத்தர் பேசுனா மத்தவங்க கேட்டே ஆவணும். மைக்குல பட்டன் இருக்கு பாருங்க. அமுக்குனாப் பேசலாம், ஆனா ஒண்ணும் கேக்காது. விட்டாத்தான் அந்தப் பக்கம் இருக்குறவங்க பேசுறது கேக்கும். சரி, அவன் பேசி முடிச்சானா, இல்ல மூச்சு வாங்குறானான்னு நமக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் கடைசியில ஒரு வார்த்தை. ஓவர். நான் முடிச்சுட்டேன், இனிமே நீ பேசுன்னு அர்த்தம்.

உங்களுக்கெல்லாம் ஓவருன்னா வேற. கிரிக்கெட்டுல ஆறு பந்து. பசங்க ஒண்ணையொண்ணு 'ஓவராப் பண்ணாத'ங்குதுங்க. என் மருமவன் ரெண்டு மணி நேரம் கூடுதலா வேல பாத்தா ஓவர் டைமுங்குறாரு. டிவியில எவனாவது தோத்துட்டா கேம் ஓவருங்குறான். ஒரே சொல்லு, ஆளாளுக்கு ஒரு வேலைக்கு வச்சிருக்காங்க. எங்க ஊருல மட்டும் அது மரியாத தம்பி. இந்தாங்க, இனி உங்க முறைன்னு தாம்பாளத்த நீட்டுற மாதிரி.

அந்த மரியாதைய இந்த ஊருக்குக் கத்துக் குடுத்தவ நான்தான். ஆரவல்லின்னு என் பேரச் சொன்னா இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. ஓவரக்கா வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க, பச்சப்புள்ளையும் கை காட்டும். செட்டு வந்த புதுசுல எங்களுது ஒண்ணுதான் மெத்த வீடு. கம்பம் நட உயரம் வேணுமே, அதனால பஞ்சாயத்துல இங்கயே வச்சிரச் சொல்லிட்டாங்க. மீனு புடிக்கக் கடலுக்குப் போற போட்டு நாப்பத்தி மூணு. ஒரே சேனலு. ஒருத்தர் பேசுனா கடல் முழுக்கக் கேக்கும். பொண்டாட்டிமாருங்க எல்லாம் படியில வந்து உக்காந்துருவாளுவ. எவ புருசன் எங்க நிக்கிறான், என்ன மீனு பட்டுச்சு, எப்பக் கரை புடிப்பான், எல்லாம் இந்த வாயாலதான் கேட்டுச் சொல்லுவேன். இன்னாரு மவ வயசுக்கு வந்துட்டா ஓவர். இன்னாரு மாமியா போயிட்டா, வலைய இழுத்துக்கிட்டு வாங்க ஓவர். சாவுச் செய்தின்னாலும் கடைசியில ஓவர் சொல்லணும். சட்டம்னா சட்டம்.

ரெண்டே சட்டம். ஒண்ணு, ஓவர் சொல்லாதவனுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ஒரு நாளு பக்கிரிசாமின்னு ஒருத்தன், 'அக்கா, எஞ்சின் நின்னு போச்சு, இழுத்துக்கிட்டுப் போவுதுக்கா'ன்னு கத்துறான். ஓவர் சொல்லல. நான் சும்மா இருக்கேன். திரும்பக் கத்துறான். 'ஓவர் சொல்லு'ன்னேன். அழுதுக்கிட்டே 'ஓவரு, ஓவரு, ஓவரு'ன்னு மூணு தடவ சொன்னான் பாருங்க, நாப்பது போட்டும் சிரிச்சுது. சிரிக்க மாட்டேங்குறீங்க. அவனுக்கு ஒண்ணும் ஆவலைங்க, பக்கத்துல நின்ன போட்டு கட்டி இழுத்துக்கிட்டு வந்துருச்சு.

ரெண்டாவது சட்டம், அடுத்த ஆளு ஓவர் சொல்றதுக்கு முன்னாடி பட்டன்ல வெரல வைக்கக் கூடாது. வச்சா ரெண்டு பேச்சும் கர்ர்ர்னு ஒண்ணாப் போயிடும், யாருக்கும் எதுவும் கேக்காது. நடுவுல வெட்டுனவன் எவனாயிருந்தாலும் இங்கேருந்து வாங்கிக் கட்டிக்குவான். எங்க வீட்டுக்காரரா இருந்தாலும்.

அவரு பேரு தே... பாருங்க, வாய் வரைக்கும் வந்துட்டு நிக்குது. புருசன் பேரச் சொல்லிப் பழக்கமில்ல. செட்டுலயும் சொல்ல மாட்டேன். போட்டுக்கு மவ பேர வச்சிருந்தோம், வெண்ணிலான்னு. அதனால 'வெண்ணிலா, வெண்ணிலா, ஓவர்'னு கூப்பிடுவேன். ஊருல கேலி பண்ணுவாளுவ, 'பொண்ணக் கூப்பிடுறியா புருசனக் கூப்பிடுறியா'ன்னு. ரேசன் கார்டுல தேசிங்குன்னு இருக்கும், நீங்களே பாத்துக்குங்க.

அந்த மனுசன் வீட்டுல வாயத் தொறந்தா கொட்டாவிக்குத்தான். நெசமாத்தான் சொல்றேன். கல்யாணமான புதுசுல ஊமையக் கட்டி வச்சிட்டாங்களோன்னு எங்கம்மாகிட்ட அழுதிருக்கேன். நான் பேசுவேன், பேசுவேன், பேசிக்கிட்டே இருப்பேன். அவரு வலைய முடிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பதிலுக்கு ஒரு 'ம்' வரும். அது எம்பேச்சுக்கு வந்ததா, வலைக்கு வந்ததான்னு தெரியாது. என் நாத்தனாரு சொல்லுவா, 'நீ எடம் குடுத்தாத்தானே அண்ணி அண்ணன் பேசும்'னு. அவளுக்கு வாய் நீளம்.

ஆனா செட்டு வந்துச்சு பாருங்க, அப்புறம் வேற ஆளாப் போயிட்டாரு. கடல்லேருந்து பேசுவாரு. நான் ஓவர் சொல்லிட்டு வெரல எடுத்தே ஆவணும், சட்டம் போட்டவ நானாச்சே. எடுத்தா அவரு பேசுவாரு. தண்ணி இன்னைக்கு இந்த நெறமா இருக்கு ஓவர். ஓங்கிலு மீனு ரெண்டு கூடவே வருது, குட்டி ஒண்ணு நடுவுல துள்ளுது ஓவர். காலையில நீ வச்ச நெத்திலிக் கொழம்பு நல்லாருந்துச்சு ஓவர். நாப்பத்திரெண்டு போட்டும் கேட்டுக்கிட்டு இருக்கு தம்பி! எனக்கு மொகமெல்லாம் சூடாயிடும். வீட்டுல இருவத்தோரு வருசத்துல ஒரு நாளு கொழம்பப் பத்திச் சொன்னதில்ல. எட்டு வருசம் இந்த செட்டுல நாங்க பேசுனது இருக்கே, அதுதான் எங்க குடித்தனம். மத்ததெல்லாம் நான் மட்டும் பேசுனதுதான்.

வெட்டுனத சொல்ல வந்தேன்ல. ஒரு நாளு நான் காத்து எப்படி இருக்குன்னு போட்டுங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன், நடுவுல கர்ர்ர்னு வெட்டிட்டாரு. ஏதோ அவசரமாம். 'முடிக்க விடாம வெட்டுறவன் மனுசனா? என் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பா?'ன்னு கடலே கேக்கத் திட்டித் தீத்துட்டேன். ரெண்டு நாளு கூப்பிடக் கூப்பிட நான் பதிலே சொல்லல. கரைக்கு வந்தாரு. இந்த வாசப்படியிலதான் நின்னாரு. 'இனிமே நீ ஓவர் சொல்லாம நான் பட்டன்ல வெரல வைக்க மாட்டேன் ஆரவல்லி, சோலையம்மன் மேல சத்தியம்'னாரு. அவரு வீட்டுல பேசுன நீளமான பேச்சு அது ஒண்ணுதான்னு நெனைக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு தடவ கூட வெட்டுனதில்ல. நான் எவ்வளவு நேரம் பேசுனாலும் காத்திருப்பாரு.

இருங்க தம்பி, மணியப் பாக்காதீங்க. அந்த நாளுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.

ஐப்பசி மாசம். கொண்டல் காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஆனா போட்டு போகாத அளவுக்கெல்லாம் இல்ல. அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வெண்ணிலாவப் பாக்க மாப்பிள்ள வீட்டுலேருந்து வர்றாங்க. காலையிலயே சொன்னேன், இன்னைக்குப் போவாதீங்கன்னு. கரைக்குப் பக்கத்துலதான், பன்னெண்டு மணிக்குள்ள வந்துர்றேன்னு போனாரு. அவரு, எப்பவும் அவரு கூடப் போற இடும்பன், இன்னும் ரெண்டு பேரு. பன்னெண்டு ஆச்சு, ஒண்ணு ஆச்சு. இங்க நான் ஒத்தப் பொம்பளை. பலகாரம் வாங்கணும், ஜமுக்காளம் இரவல் வாங்கணும், இந்தப் பொண்ணு வேற புடவ சரியில்லன்னு அழுவுது.

ரெண்டரை மணிக்கு மைக்க எடுத்தேன். 'வெண்ணிலா, வெண்ணிலா, எங்க நிக்கிறீங்க ஓவர்.' உடனே வந்தாரு. 'நல்ல கூட்டம் பட்டிருக்கு ஆரவல்லி. ஒரே ஒரு வலை இழுத்துட்டு வந்துர்றேன், நாலுக்கு முன்னாடி கரையில இருப்பேன் ஓவர்.' குரல்ல அவ்வளவு சந்தோசம். அதான் எனக்கு ஆத்திரம் வந்துச்சு. நான் இங்க வெந்துக்கிட்டு இருக்கேன், இவரு அங்க மீனு பட்டுச்சுன்னு சிரிக்கிறாரே.

நான் ரெண்டே வார்த்ததான் பேசுனேன்.

கல்யாணமானதுலேருந்து ஒரு நல்லதுகெட்டதுக்கு நேரத்துக்கு நின்னிருக்கீங்களான்னு கேட்டேன். வெண்ணிலா பொறந்தப்ப எங்க இருந்தீங்க, கடல்ல. எங்கப்பா செத்தப்ப எங்க இருந்தீங்க, கடல்ல. அவ சடங்குக்குத் தட்டு தூக்க மாமன் வந்தான், அப்பன் வரலியே, எங்க இருந்தாரு, கடல்ல. கடலையே கட்டியிருக்க வேண்டியதுதானே, என்ன எதுக்குக் கட்டுனீங்க. வீட்டுல நான் சுவத்தோட பேசுறேன், பாயோட பேசுறேன், மனுசனோட பேசுனதில்ல. ஊரு முழுக்க என்ன வாயாடிங்குது, யாரால ஆனேன் வாயாடி, ஊமையக் கட்டுனதால ஆனேன். அப்புறம் எங்க மாமியா பேச்சு வந்துச்சு, அது எப்படி வந்துச்சுன்னு தெரியல. அப்புறம் பழைய ஓட்டு வீட்ட இடிச்ச பேச்சு. படியில உக்காந்திருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் போயிட்டாளுவ. வெண்ணிலா வந்து 'யம்மா, போதும்மா, எல்லாரும் கேக்குறாங்கம்மா'ன்னு என் கையப் புடிச்சா. தட்டி விட்டேன். வெரலு பட்டன்லேருந்து நகரல.

கால் மணி நேரம் பேசுனேன்னு பின்னாடி ஊருல சொல்லிக்கிட்டாங்க. கால் மணி நேரமெல்லாம் இருக்காது. ரெண்டே வார்த்த.

அப்புறம் மைக்க வச்சிட்டு வேலையப் பாக்கப் போயிட்டேன். நாலு மணிக்கு அவங்க வந்தாங்க. அவரு வந்துக்கிட்டு இருக்காருன்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிக் காப்பி குடுத்தேன். அஞ்சரைக்குப் போயிட்டாங்க. அப்புறம்தான் செட்டுக்கிட்ட வந்தேன். வெண்ணிலா, வெண்ணிலா. ஒண்ணுமில்ல. வெண்ணிலா, வெண்ணிலா. வெறும் இரைச்சல். சரி, கோவம். பேசுனது ஊரே கேட்டுருச்சுல்ல, ரோசம் வந்து செட்ட அமத்திப்புட்டாரு. வரட்டும், வந்தா பாத்துக்கலாம்.

வரல.

மறுநாளு நாப்பத்திரெண்டு போட்டும் தேடப் போச்சு. மூணாம் நாளு வேற ஊருப் போட்டுக்காரங்க இடும்பன மட்டும் தூக்கிக்கிட்டு வந்தாங்க, டீசல் கேனக் கட்டிப் புடிச்சபடி மெதந்துக்கிட்டு இருந்தானாம். ஒடம்பெல்லாம் உப்புல வெந்திருந்துச்சு. மெதந்து வந்த பனந்துண்டு ஒண்ணு மோதி அடியில பொளந்துருச்சுன்னு மட்டும் சொன்னான். வேற ஒண்ணும் வாயத் தொறக்கல. ஒடம்பு தேறுனதும் மலபார் பக்கம் வேலைக்குப் போனவன், ஊருப் பக்கமே வரல. மத்த மூணு பேரும் கெடைக்கல.

நான் எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் சொல்லுவேன். கோவக்கார மனுசன், எனக்குப் பதில் சொல்லாம போயிட்டாரு. அமத்தாம இருந்திருந்தா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பக்கத்துல போட்டு நின்னுச்சே, பக்கிரிசாமி போட்டே அர மணி தூரத்துலதான் நின்னுச்சாம், ஓடிப்போயித் தூக்கியிருப்பாங்களே. ரோசத்துல மூணு உசுரக் காவு குடுத்துட்டாரேன்னு சொல்லுவேன். பதினோரு வருசம் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. வெண்ணிலா மட்டும் ஒரு தடவ, 'அப்பா என்னைக்கும்மா கோவப்பட்டுச்சு?'ன்னு கேட்டா. கல்யாணமாகிப் போற அன்னைக்குக் கேட்டா.

அன்னையிலேருந்து நான் பட்டன அமுக்குனதில்ல. போட்டுக்காரங்க கூப்பிட்டுப் பாத்தாங்க, நான் பேசலன்னதும் வேற எடத்துல செட்டு வச்சுக்கிட்டாங்க. அப்புறம் போன் வந்துருச்சு. நான் கேக்க மட்டும்தான் இத வச்சிருக்கேன். அவரு முறை அது. அவரு பேச வேண்டியது பாக்கி இருக்கு. அவரு பேசுறப்ப நான் அமுக்கிக்கிட்டு இருந்தாக் கேக்காதே.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. செல நாளு இந்த இரைச்சல் சட்டுனு நின்னுபோவும். நிக்கிதுன்னா எங்கயோ ஒருத்தர் பட்டன அமுக்கியிருக்காங்கன்னு அர்த்தம். பேச்சு வராது. மூச்சு மட்டும் கேக்கும். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். அப்புறம் திரும்ப இரைச்சல் வந்துரும். பட்டப்பகல்லதான் வரும், ரெண்டரை மணி வாக்குல. செட்டு பாக்குற மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து கேட்டேன். எந்தப் போட்டுலயாவது மைக்கு மேல தெரியாம உக்காந்திருப்பாங்கன்னான். இருக்கலாம். பதினோரு வருசமா ஒரே நேரத்துல உக்காருவாங்களான்னு கேட்டேன், அவன் சாமானக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். இன்னும் கோவம் தீரல, அமுக்கிக்கிட்டுப் பேசாம இருக்காருன்னு நான் நெனச்சுக்குவேன். எனக்கும் கோவம் வரும். பேசுனா என்னய்யா, வாயில முத்தா உதிரும்னு செட்டப் பாத்துத் திட்டுவேன். பட்டன அமுக்காமத்தான்.

போன வாரம் ஆடித் திருவிழாவுக்கு இடும்பன் வந்தான். தலையெல்லாம் நரச்சுப்போச்சு. கோயில்ல நாலு பேரு கூடியிருந்தாங்க, நான் வழக்கம்போல ஆரம்பிச்சேன். கோவக்காரரு, ரோசத்துல போயிட்டாருன்னு. இடும்பன் எந்திரிச்சு என் கையப் புடிச்சு வெளியில கூட்டிட்டுப் போனான். 'அண்ணி, அண்ணனக் கோவக்காரன்னு சொல்லாதீங்க. என்னால தாங்க முடியல. சொல்லக் கூடாதுன்னுதான் ஊர விட்டே போனேன்'னான்.

என்னடா சொல்லக் கூடாதுன்னேன்.

கட்ட மோதுனது நான் பேசிக்கிட்டு இருக்கறப்பயாம். எஞ்சின் பக்கம் தண்ணி வந்துருக்கு. கணுக்கால் அளவுதான். எறைச்சுக்கலாம்னு ரெண்டு பேரு எறைக்கிறாங்க. இடும்பன் மைக்க எடுத்துக் குடுத்துட்டு, 'அண்ணே, பக்கிரிசாமியக் கூப்பிடுங்க'ன்னுருக்கான். இவரு வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, 'அவ பேசிக்கிட்டு இருக்காடா. முடிக்கட்டும்'னாராம். தண்ணி முழங்காலுக்கு வந்துருக்கு. 'அண்ணே, வெட்டுங்கண்ணே'ன்னு இவன் கத்துறான். 'வெட்டுனா அவளுக்குப் புடிக்காது. இப்ப முடிச்சுருவா'ன்னாராம். சிரிச்சாராம் தம்பி. 'அவ சொல்றது அத்தனையும் நெசம்தான்டா, கேட்டுக்கறேன்'னாராம்.

அப்புறம் என் குரல் நின்னுருக்கு. இடும்பன் 'இப்பப் பேசுங்கண்ணே'ன்னுருக்கான். 'இன்னும் ஓவர் சொல்லல. மூச்சு வாங்குறா போல'ன்னு மைக்க வாய்க்கிட்ட வச்சுக்கிட்டே நின்னாராம். செட்டப் பாத்துக்கிட்டே. எவ்வளவு நேரம்டான்னு கேட்டேன். தெரியல அண்ணி, ஒரு ரெண்டு நிமிசம் இருக்கும்னான். அப்பத்தான் கொண்டல்ல ஒரு அலை தூக்கி, போட்டு ஒருக்களிச்சு, பேட்டரி முழுகி, செட்டுல இருந்த வெளக்கு போயிருச்சாம்.

நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். மறந்துட்டீங்களாம்மான்னு கேப்பீங்க. ஊருக்கே கத்துக் குடுத்தவ மறப்பேனா? மறக்கல. இத யாருகிட்டயும் சொன்னதில்ல, வெண்ணிலாகிட்ட கூட. அன்னைக்கு அவ்வளவும் பேசிட்டு, கடைசியில அந்தச் சொல்லு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வந்தத முழுங்கிட்டேன். ஓவர் சொன்னா, இனிமே நீ பேசுன்னு அர்த்தமாச்சே. நீ பேசவே வேணாம் போ, உனக்கு முறை கெடையாதுன்னு, வேணும்னேதான் சொல்லாம மைக்க வச்சேன். சாயங்காலம் கூப்பிட்டப்பவும் வீம்பா அந்தச் சொல்ல மட்டும் சொல்லல. அதுதான் அவருக்கு நான் குடுத்த தண்டன. வீட்டுல பேசாம இருந்ததுக்கெல்லாம் சேத்து.

இப்ப அந்த மூச்சு வர்றப்ப எனக்குக் கோவம் வர்றதில்ல தம்பி. பயமா இருக்கு. முடிச்சிட்டியா ஆரவல்லி, நான் பேசட்டுமான்னு கேக்குற மாதிரி இருக்கு.

எந்திரிக்காதீங்க. ஒயரப் புடுங்காதீங்க. நீங்க நெனைக்கிறது எனக்குப் புரியுது. அந்த ஒரு சொல்லச் சொல்லிட்டு, செட்டக் குடுத்துட்டு, மவ வீட்டுக்குப் போயி நிம்மதியா இருக்கலாமேன்னுதானே? நானும் அதான் நெனச்சேன். இந்த ஒரு வாரமா தெனம் ரெண்டரைக்கு மைக்கக் கையில எடுக்குறேன். அமுக்குறதுக்கு வெரலும் போயிடுது. ஆனா நான் சொல்லிட்டேன்னா அவரு முறை வந்துரும்ல. இது வரைக்கும் நான் சொல்லல, அதனால அவரு பேசல. காத்துக்கிட்டு இருக்காரு, அவ்வளவுதான். நான் சொல்லி, வெரல எடுத்து, அதுக்கப்புறமும் அவரு பேசலன்னா, நான் என்ன தம்பி பண்ணுவேன்?